இரவல் மைக்ரோஸ்கோப்பும் சிவப்பு பெயின்ட்டும்

அந்தப் படிவத்தைத் தயாரித்த ஐயா, நீங்கள் எங்கள் பிள்ளைகளை ஏமாற்றினீர்கள். சந்தேகமாகச் சொல்லவில்லை, நேராகவே சொல்கிறேன். நானும் ஏமாற்றினேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் ஏமாற்றியது ஒரு மைக்ரோஸ்கோப்பை வைத்து, அதுவும் அரை நாள். நீங்கள் ஏமாற்றியது பத்து வருஷப் படிப்பை.

என் குற்றத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இரவல் வாங்கிய மைக்ரோஸ்கோப்பில் எங்கள் பள்ளியின் பெயரைச் சிவப்பு பெயின்ட்டால் எழுதியவள் நான்தான். (ஆமாம், இரவல் வாங்கியதில். ஆமாம், பெயின்ட்டால். சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.)

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. சொந்த ஊர் நைனார்பாளையம். பெயர் பிலோமினா. அறிவியல் ஆசிரியையாக முதல் வேலையே கல்வராயன் மலையில் கிடைத்தது. பத்தாம் வகுப்பு வரை உள்ள அரசுப் பள்ளி. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன், அங்கே வேலை பார்க்கிறவர்கள் நிம்மதியாக இருக்கட்டும். தலைமையாசிரியர் பணியிடம் காலி. மற்ற ஆசிரியர்கள் எல்லாம் என்னைவிடப் புத்திசாலிகள், அதனால் 'பொறுப்பு' என்ற சொல்லைக் கேட்டதும் ஆளுக்கொரு வலியைச் சொல்லி நகர்ந்துவிட்டார்கள். எனக்கு வலி எதுவும் இல்லை. அச்சடித்த தாளில் ஒரு விதி இருந்தால் அதை அப்படியே செய்ய வேண்டும் என்று நம்பிக்கொண்டிருந்த பேதை நான். பொறுப்பு என் தலையில் விழுந்தது.

அந்த வருஷம் இரண்டு சுற்றறிக்கைகள் ஒன்றாக வந்தன. முதலாவது, பிள்ளைகளுக்கு. பத்தாம் வகுப்பு முடித்த சான்று வேண்டுமானால் ஒவ்வொருவரும் அறிவியல் செய்முறையைத் தன் கையால் செய்திருக்க வேண்டும், அந்த மதிப்பெண் மொத்தத்தில் சேரும். இரண்டாவது, பள்ளிக்கு. ஆய்வகம், கழிப்பறை, சுற்றுச்சுவர் எல்லாம் இருக்கிறதா என்று ஒரு குழு வந்து பார்த்துத் தரச்சான்று கொடுக்கும். செய்முறை மதிப்பெண்ணும் அந்தக் குழுவே போடும். சான்று கிடைக்காத பள்ளியின் பிள்ளைகள் அங்கே பரீட்சை எழுத முடியாது. மலையை விட்டு இறங்கி, கீழே உள்ள ஏதோ ஒரு மையத்தில் 'தனித்தேர்வர்' என்று எழுத வேண்டும். பள்ளிக்கூடமே போகாமல் வீட்டிலிருந்து படித்து எழுதுகிறவர்களுக்கு வைத்த பெயர் அது; அவர்களுக்குச் செய்முறையே கிடையாது.

இரண்டையும் படித்துவிட்டு நான் செய்த முதல் காரியம், அடிக்கோடு போட்டது. ஸ்கேல் வைத்து.

கவிதாவின் அப்பா மாரிமுத்துவை அடுத்த நாள் ரேஷன் கடை வரிசையில் பார்த்தேன். கவிதா பத்தாம் வகுப்பில் முதல் பெஞ்சு. வெங்காயத்தை அறுத்தால் அழுவதற்கு முன்னால் "இதுல செல்லு எங்க டீச்சர் இருக்கு?" என்று கேட்கிற பெண். விஷயத்தைச் சொன்னேன்.

"கீழ போயி எழுதணும்னா வேணாம் டீச்சர்" என்றார் அவர், கையில் பையைச் சுருட்டிக்கொண்டே. "பஸ்ஸு காலைல ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு. அது பரீச்சைக்காக நிக்குமா? தை முடிஞ்சா வெளியூருக்கு மொளவு பறிக்கக் கூட்டிக்கினு போற வண்டி வருது. நானும் எங்க வூட்டுக்காரியும் போயிக்கினுதான் இருக்கணும். இங்கியே பரீச்சைன்னா பொண்ணு எங்க அண்ணன் வூட்ல இருக்கட்டும். கீழன்னா எங்ககூட வண்டியில ஏறிடட்டும்."

"அவளுக்குப் படிப்பு நல்லா வருதுங்க."

"எனக்குத் தெரியாதா? எங்க தெருவுல எந்த லெட்டரு வந்தாலும் அதான் படிச்சுச் சொல்லுது. அதுக்கு இன்னா பண்ணச் சொல்றீங்க? தெரியாத ஊர்ல பொம்பளப் புள்ளைய எங்க தங்க வெக்கிறது?"

அவருக்குப் பின்னால் மண்ணெண்ணெய் கேனோடு நின்றிருந்த கவிதா தலையை நீட்டினாள். "டீச்சர், நம்ம ஸ்கூலுக்கு அந்தச் சான்று வந்துடும் இல்ல?"

"வந்துடும்" என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? யாரும் இல்லை. வாய் இருந்தது, சொன்னேன்.

படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். எங்கள் பள்ளியில் சிக்னல் கிடைக்காது. ஊருக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது, அதில் ஏறி நின்று கையை நீட்டினால் கிடைக்கும். ஒரு வாரம் அங்கே குடையோடு உட்கார்ந்து நிரப்பினேன். ஒவ்வொரு கேள்விக்கும் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டம். இதில் உள்ள சூழ்ச்சி எனக்கு இரண்டாம் நாள்தான் தெரிந்தது. 'இல்லை' என்று அழுத்தினால் அடுத்த பக்கம் வராது. சிவப்பு எழுத்தில் 'சரியான விவரத்தைப் பதிவிடவும்' என்று வரும். இல்லாததை இல்லை என்று சொன்னால் அது சரியான விவரம் இல்லையாம்!

தீயணைப்பு வண்டி பள்ளி வளாகத்துக்குள் நுழைய வழி உண்டா? (எங்களுக்குச் சுற்றுச்சுவரே கிடையாது. எந்தத் திசையிலிருந்தும் நுழையலாம், தாராளமாக.) ஆம். பள்ளி வாசலில் போக்குவரத்தை ஒழுங்குபடுத்த ஏற்பாடு உண்டா? (மாடு மறித்தால் சத்துணவு அக்கா கரண்டியோடு வந்து விரட்டுவார்.) ஆம். தனி அறிவியல் ஆய்வகம் உண்டா?

அங்கே நின்றேன். எங்கள் ஆய்வகம் என்பது ஒரு இரும்பு பீரோ. அதில் ஒரு காந்தம், மூன்று சோதனைக் குழாய், எப்போதோ யாரோ வைத்துவிட்டுப் போன ஊறுகாய் பாட்டில். 'இல்லை' அழுத்திப் பார்த்தேன். சிவப்பு எழுத்து. மறுபடி அழுத்தினேன். மறுபடி சிவப்பு. கவிதாவுக்குச் சொன்ன 'வந்துடும்' காதில் கேட்டது. 'ஆம்' அழுத்தினேன். உடனே அடுத்த பக்கம் வந்தது, பச்சை நிறத்தில் 'நன்றி' என்று.

பொய் சொன்னதும் நன்றி சொன்ன முதல் அரசாங்கக் காகிதம் அதுதான்.

இனி ஆய்வகத்துக்கு எங்கே போவது? மலையில் அடுத்த ஊர்ப் பள்ளியில் தனசேகர் என்று ஒரு அறிவியல் ஆசிரியர் இருந்தார். அங்கே படித்துப் பெரிய ஆளான ஒருவர் வாங்கிக் கொடுத்த சாமான்கள் அவரிடம் இருந்தன. போய்க் கேட்டேன். அவர் அதிர்ச்சி எதுவும் அடையவில்லை.

"தாராளமா தூக்கிக்கினு போங்க டீச்சர். குழு செவ்வாய்க்கிழமை உங்களுக்கு வருது, வியாழக்கிழமை எங்களுக்கு. புதன்கிழமை சாயந்தரத்துக்குள்ள திரும்பி வந்துடணும், அவ்வளவுதான். எலும்புக்கூடு வேணாமா?"

"இருக்கா சார்?"

"இருந்துச்சு. இப்ப வேற ஸ்கூலுக்குப் போயிருக்கு. அங்க போன வாரம் குழு வந்துச்சு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மலையில் ஆய்வகம் இல்லை என்று யார் சொன்னது? இருக்கிறது. ஒன்றே ஒன்று. அது ஓரிடத்தில் இருப்பதில்லை, அவ்வளவுதான். அந்த எலும்புக்கூடு எத்தனை பள்ளியில் வேலை பார்த்ததோ, அதற்கு ஒரு பணி மூப்புப் பட்டியல் போட்டிருக்கலாம்.

திங்கட்கிழமை சாமான்கள் வந்து இறங்கின. மைக்ரோஸ்கோப் ஒன்று, கண்ணாடிக் குடுவைகள், அளவு ஜாடி, அயோடின் பாட்டில். வகுப்பறை ஒன்றைக் காலி செய்து மேசை போட்டு அடுக்கினோம். கவிதாவும் மற்றப் பிள்ளைகளும் மைக்ரோஸ்கோப்பைச் சுற்றி நின்று மூச்சுவிடாமல் பார்த்தார்கள். எல்லோரையும் பார்க்க விட்டேன். அந்த ஒரு மணி நேரத்துக்காக எனக்குப் புண்ணியம் கிடைத்திருக்க வேண்டும். ஆனால் அதற்குள் என் புத்தி வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

சுற்றறிக்கையில் ஒரு வரி இருந்தது. ஒவ்வொரு பொருளிலும் பள்ளியின் பெயரும் இருப்பு எண்ணும் அழியாதபடி எழுதப்பட்டிருக்க வேண்டும். நான்தான் அடிக்கோடு போட்டவள் ஆயிற்றே. பெஞ்சுகளுக்கு அடித்துவிட்டு மிச்சம் இருந்த சிவப்பு பெயின்ட்டை எடுத்தேன். சின்ன பிரஷ். மைக்ரோஸ்கோப்பின் அடியில் அழகாக, முத்து முத்தாக, எங்கள் பள்ளியின் பெயர். எண் ஒன்று. குடுவைகளுக்கு எண் இரண்டு, மூன்று, நான்கு.

பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவி பச்சையம்மா அக்கா பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மகளும் அந்தப் பத்தாம் வகுப்பில்தான். மரவள்ளி போடுகிற குடும்பம். வாயைத் திறந்தால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

"இன்னா டீச்சர் இது? அடுத்தவங்க சொம்புல நம்ம பேரு எழுதுறீங்க?"

"ரூல்ஸு அக்கா. எழுதியே ஆகணும்."

"அப்ப நாளன்னிக்கு அவுரு பாத்துட்டு இன்னா சொல்வாரு?"

"தின்னர் வெச்சுத் துடைச்சா போயிடும். புதன்கிழமை முழுசா இருக்கு."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "படிச்சவங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை குழு வந்தது. மூன்று பேர். தலைவராக வந்தவர் வழியில் இரண்டு வளைவுகளில் இறங்கி வாந்தி எடுத்திருந்தார். முகம் வெளுத்து, கையில் டேப்லெட்டோடு, "லேபை முதல்ல காட்டுங்க, முடிச்சிடுவோம்" என்றார்.

கவிதாவைக் கூப்பிட்டேன். வெங்காயத் தோலை உரித்துக் கண்ணாடித் துண்டில் வைத்து, ஒரு சொட்டு அயோடின் விட்டு, மைக்ரோஸ்கோப்பில் பொருத்தி, திருகைத் திருகி நிறுத்தினாள். அந்தக் கருவியை அவள் முதல்முதலில் பார்த்தது முந்தின நாள் மத்தியானம். அவர் குனிந்து பார்த்தார்.

"தெரியுதே!" என்றார், தெரியக் கூடாதது தெரிந்த மாதிரி.

"செல் சுவர் சார். நடுவுல புள்ளி மாதிரி இருக்கிறது உட்கரு" என்றாள் கவிதா.

அவர் முழு மதிப்பெண் போட்டார். நான் கண்ணாரப் பார்த்தேன். மைக்ரோஸ்கோப்பைச் சாய்த்து, சிவப்பு எழுத்தைப் படித்து, "நல்லா மெயின்டெய்ன் பண்றீங்க" என்று என்னையும் பாராட்டினார். எனக்கு ஒரு அடி உயரம் கூடிவிட்டது. நல்லாசிரியர் விருது வாங்கும்போது எந்தப் புடவை கட்டுவது என்றுகூட யோசித்தேன். (நீல நிறம்.)

அப்போது அவர் சொன்னார்: "பக்கத்து ஸ்கூலையும் இன்னைக்கே முடிச்சிடலாம். இந்த வளைவெல்லாம் இன்னொரு தடவை என்னால ஏற முடியாதும்மா."

நீலப் புடவை எரிந்து சாம்பலாகிவிட்டது.

வெளியே ஓடிப் பச்சையம்மா அக்காவைப் பிடித்தேன். நான் பேசி முடிப்பதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது.

"நீங்க அவுங்களுக்குச் சோறு போடுங்க. சாமான நான் பாத்துக்கறேன்."

"பெயின்ட், அக்கா..."

"அத அந்த சாரே பாத்துப்பாரு. மொதல்ல போய்ச் சேரட்டும். போங்க உள்ள!"

நாட்டுக்கோழிக் குழம்பும் சாமைச் சோறும் தயாராக இருந்தன. மற்ற இரண்டு பேரும் பிரியமாகச் சாப்பிட்டார்கள். தலைவர் மட்டும் ரசம் கேட்டார். நேரத்தை இழுக்க வேண்டுமே, அவருக்கு எங்கள் பள்ளியின் வரலாற்றைச் சொல்ல ஆரம்பித்தேன். கூரைக் கொட்டகையில் தொடங்கியது, ஓடு மாற்றியது, ஓடு பறந்தது, மறுபடி மாற்றியது. அவர் ரசத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். எனக்கு எதிரே ஜன்னல். அந்த ஜன்னல் வழியே மைக்ரோஸ்கோப் ஒரு அம்மாவின் இடுப்பில் குழந்தை மாதிரி உட்கார்ந்து போனதைப் பார்த்தேன். தலைவர் அந்தப் பக்கம் திரும்பப் போனார். நான் பாய்ந்து ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றேன், கையில் ரசக் கரண்டியோடு.

"காத்து வருது சார், ஆறிடும்."

கிழங்கு ஏற்றுகிற மினி லாரி கிளம்பும் சத்தம் கேட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

அவர்கள் ஜீப் ஓட்டுநருக்கு வழி தெரியாது. வழி காட்ட நானே ஏறிக்கொண்டேன். பக்கத்து ஊருக்கு இரண்டு வழி. குறுக்கு வழியில் லாரி போயிருந்தது. சுற்று வழியில் ஜீப்பை விட்டேன். அதில் வளைவு அதிகம். தலைவர் மறுபடியும் ஒருமுறை இறங்க வேண்டியதாயிற்று. (அந்தப் பாவமும் என் கணக்கில்தான். மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் சார்.)

தனசேகர் சார் வாசலிலேயே நின்றார், முகத்தில் மாப்பிள்ளை அழைப்புச் சிரிப்பு. உள்ளே போனோம். மேசையில் எல்லாம் அடுக்கியிருந்தது. மைக்ரோஸ்கோப்பின் அடிப்பாகம் முழுக்கச் சந்தனத்தை அப்பி, மேலே பெரிய குங்குமப் பொட்டு வைத்திருந்தார். ஒரு செம்பருத்திப் பூவும்.

"இது என்ன சார்?" என்றார் தலைவர்.

"பூஜை சார்."

"ஆயுத பூஜை முடிஞ்சு நாலு மாசம் ஆகுதே?"

"எங்க பசங்களுக்கு அறிவியல்மேல பக்தி சார்."

ஒருவேளை அதுகூடக் கடந்து போயிருக்கும். மனிதர் களைத்திருந்தார். ஆனால் அடுத்து அவர் கண் குடுவைகளுக்குப் போனது. என் கண்ணும் போனது.

ஒரு குடுவையில் சாமை அரிசி. இன்னொன்றில் தேன், கழுத்து வரை. அளவு ஜாடியில் கடுக்காய். மைக்ரோஸ்கோப் வந்த மரப்பெட்டியில், தழையோடு, மண் காயாத இரண்டு மரவள்ளிக் கிழங்கு.

"இது என்ன பரிசோதனை?"

தனசேகர் சாரை நான் வாழ்நாள் முழுக்க மதிப்பேன். கண்கூடச் சிமிட்டவில்லை. "உணவுப் பொருள்ல மாவுச்சத்து இருக்கான்னு கண்டுபிடிக்கிறது சார். பாடத்துல இருக்கு."

"செய்யச் சொல்லுங்க பார்ப்போம்."

ஒரு பெண் வந்தாள். கிழங்கை நறுக்கி அயோடினை விட்டாள். கருநீலமாக மாறியது. சாமையை இடித்து விட்டாள். மாறியது. கடுக்காயை இடித்துக் கரைத்து அதில் விட்டுவிட்டு, "சார், இதுல சாறே கறுப்பா இருக்கறதால நிறத்தை வெச்சு முடிவு சொல்ல முடியாது" என்றாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல்! நான் அறிவியல் படித்தவள், சொல்கிறேன்: அன்றைக்கு அந்த மலையில் நடந்தவற்றில் உண்மையான அறிவியல் அதுதான். அதற்கு டேப்லெட்டில் கட்டம் இல்லை.

தலைவர் முகத்தில் முதல்முறையாக ஒரு சிரிப்பு வந்தது. சிரித்தபடியே மைக்ரோஸ்கோப்பைத் தூக்கிச் சாய்த்தார், காலையில் எங்கள் பள்ளியில் செய்த மாதிரியே. சந்தனம் அவர் கையோடு வந்துவிட்டது. முத்து முத்தான சிவப்பு எழுத்து வெளியே வந்தது. எங்கள் பள்ளியின் பெயரை அவர் நிறுத்தி நிதானமாக, உரக்கப் படித்தார். எண் ஒன்று என்பதையும் சேர்த்து.

மைக்ரோஸ்கோப்பைக் கீழே வைத்துவிட்டு, சந்தனம் ஒட்டிய விரல்களைக் கைக்குட்டையில் துடைத்தார்.

நான் வாயைத் திறந்தேன். வந்த வாக்கியம் இது: "அது... நாங்க பேரு எழுதிக் குடுத்தது சார். கையெழுத்து அழகா இருக்கும்னு."

தலைவர் என்னைப் பார்த்தார். தனசேகர் சார் கூரையைப் பார்த்தார். அப்போது வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. லாரியோடு வந்த பச்சையம்மா அக்கா, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏன் டீச்சர் மென்னு முழுங்குறீங்க? சொல்லிட்டுப் போங்களேன். இரவல் வாங்கினோம் சார். வாங்கின பாத்திரத்த வெறுசாத் திருப்பிக் குடுக்கறது எங்க ஊர்ல வழக்கம் இல்ல. அதான் ரொப்பிக் குடுத்தேன். தேனு எங்க கொழுந்தன் எடுத்தது, கலப்படம் இல்ல. இதுல இன்னா தப்பு?"

அவர் குரலில் கொஞ்சம்கூட வெட்கம் இல்லை. பெருமைதான் இருந்தது. அவரைப் பொறுத்தவரை, அன்று முறையாக நடந்த ஒரே காரியம் அவர் செய்ததுதான். இப்போது யோசித்தால் அவர் சொன்னது சரி. அன்றைக்கு நான் மேசைக்கு அடியில் புகுந்துகொள்ள இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தப்பு இல்லம்மா" என்றார் தலைவர். சொல்லிவிட்டு, டேப்லெட்டில் இரண்டு பள்ளிக்கும் சான்று மறுப்பு என்று அழுத்தினார். காரணம்: ஆவணங்களில் முரண்பாடு. காலையில் கவிதாவுக்குப் போட்ட முழு மதிப்பெண்ணும் அதோடு போனது. ஆய்வகம் இல்லாத பள்ளியில் ஆய்வகச் செய்முறை எப்படி நடந்திருக்க முடியும்? எழுத்துப்படி நடக்கவே இல்லை. அவர் குனிந்து பார்த்த வெங்காய செல்லும் எழுத்துப்படி இல்லை.

எனக்கு மெமோ வந்தது, விளக்கம் கேட்டு. "உங்கள் படிவம் என்னை 'இல்லை' என்று சொல்ல விட்டிருந்தால் நான் பெயின்ட் டப்பாவையே திறந்திருக்க மாட்டேன்" என்று எழுதி அனுப்பினேன். அதற்கு இன்றுவரை பதில் இல்லை. ஒரு வருஷத்துச் சம்பள உயர்வு மட்டும் நின்றது.

மாரிமுத்துவின் வீட்டுக்குப் போனேன். அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க பெயின்ட் அடிச்சதுக்கு எம் பொண்ணு மொளவு பறிக்கணுமா டீச்சர்?"

"பரீச்சை முடியற வரைக்கும் எங்க வூட்ல இருக்கட்டும். நைனார்பாளையத்துல எங்க அம்மா இருக்காங்க. சின்னசேலத்துலதான் மையம், நானே கூட்டிக்கினு போயிக் கூட்டிக்கினு வரேன்" என்றேன். அப்புறம் பச்சையம்மா அக்கா வந்து, "என் பொண்ணும் போவுது மாரி, அனுப்பு" என்றார். அனுப்பினார்.

மொத்தம் ஆறு பெண்கள். என் அம்மா வாசலில் நின்று எண்ணினார். "ஏசுவே! ஆறா? வூட்ல கக்கூஸு ஒண்ணுதான் இருக்குது, தெரியுமா?" என்றார். சொல்லிவிட்டு உலையில் அரிசி கூடப் போட்டார். தம்பி ஜானைப் பக்கத்து வீட்டு மாடிக்குத் துரத்தினோம். ஒவ்வொரு பெண்ணின் வீட்டிலிருந்தும் ஒரு மூட்டை மரவள்ளி வந்தது. மூன்று வாரம் அவித்த கிழங்கு, பொரித்த கிழங்கு, கிழங்கு அடை. ஜான் இன்றைக்கும் மரவள்ளியைக் கண்டால் எழுந்து வேறு அறைக்குப் போகிறான்.

ஆறு பெண்களும் பாஸ். பையன்கள் ஏழு பேரில் நான்கு பேர்தான் எழுதினார்கள். மூன்று பேர் மிளகு வண்டியில் ஏறிவிட்டார்கள். அவர்களுக்கு நான் ஒரு வீடு தேடவில்லை. ஆண்பிள்ளைகள்தானே, எப்படியாவது வந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். இதில் சிரிக்க எதுவும் இல்லை.

சிரிப்பதற்கு எங்கள் வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். என் கல்யாணத்துக்குச் சீர் பாத்திரம் வாங்கப் போனபோது, பெயர் வெட்டட்டுமா என்று கடைக்காரர் கேட்டார். "வேணாம்ணே. எங்க அக்காவே பெயின்ட்ல எழுதிக்கும். அடுத்தவங்க பாத்திரம்னாகூட எழுதிக்கும்" என்றான் ஜான். அது மாப்பிள்ளை வீடு வரைக்கும் போய்விட்டது. பக்கத்து வீட்டிலிருந்து கிண்ணத்தில் குழம்பு வந்தால் என் மாமியார் முதலில் கிண்ணத்தை எடுத்து ஒளித்து வைக்கிறார். "மருமவ பாத்தா நம்ம பேரு போட்டுடும்." என் வீட்டுக்காரர் இரவல் வாங்கிய பைக்கில் வந்தால் தெருவே கேட்கிறது: "இன்னா சார், எண் ஒண்ணா, ரெண்டா?" சிரிக்கட்டும். நான் சம்பாதித்த சிரிப்பு அது.

ஆனால் கவிதாவின் சான்றிதழ் வந்த நாளில் யாரும் சிரிக்கவில்லை. அதைப் பிரித்து என் முன்னால் மேசையில் வைத்தாள். மதிப்பெண் எல்லாம் இருந்தது. செய்முறை என்ற இடத்தில் ஒரு கோடு. படித்த பள்ளி என்ற இடத்தில் இன்னொரு கோடு. கீழே, தனித்தேர்வர்.

ப்ளஸ் ஒன் சேர்க்கைக்குக் கீழே ஒரு பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மேசையில் இருந்தவர் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "எந்த ஸ்கூல்ல படிச்ச?" என்று கேட்டார். கவிதா எங்கள் பள்ளியின் பெயரைச் சொன்னாள்.

"இதுல இல்லையேம்மா."

"நான் ஒண்ணாவதுல இருந்து அங்கதான் சார் படிச்சேன்."

"இதுல இல்லையே. செய்முறை மார்க்கும் இல்ல. சயின்ஸ் குரூப் குடுக்க முடியாது."

நான் அவரிடம் சண்டை போட்டேன். மேலே எழுதினேன், மனு கொடுத்தேன், கள்ளக்குறிச்சிக்கு நடையாய் நடந்தேன். எல்லோரும் அந்தக் கோட்டைக் காட்டினார்கள். கவிதா வேறு குரூப்பில் சேர்ந்தாள். இப்போது கல்லூரியில் இருக்கிறாள், நன்றாகத்தான் படிக்கிறாள். ஆனால் வெங்காயத் தோலை மறுபடி எந்த மைக்ரோஸ்கோப்பிலும் வைக்கவில்லை.

நான் செய்த தப்புக்கு நான் பெயரோடு நிற்கிறேன். மெமோ வாங்கினேன், சம்பள உயர்வு நின்றது, ஊர் சிரிக்கிறது. படிவம் போட்ட ஐயா, உங்களுக்கு என்ன ஆயிற்று? உங்கள் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. ஆய்வகம் கேட்டீர்கள், ஆய்வகம் கொடுக்கவில்லை. பொய்யை மட்டும் ஏற்றுக்கொள்கிற கட்டம் போட்டீர்கள். பொய் என்று தெரிந்ததும் தண்டனையைப் பதினைந்து வயதுப் பெண்ணுக்குக் கொடுத்தீர்கள்.

எனக்கு ரகசியக் கடிதம் வேண்டாம், 'தக்க நடவடிக்கை எடுக்கப்படும்' என்ற பதிலும் வேண்டாம். எங்கள் மலையில் அடுத்த கிராம சபை நடக்கும்போது வாருங்கள். பச்சையம்மா அக்கா இருப்பார், மாரிமுத்து இருப்பார், மிளகு வண்டியில் ஏறின அந்த மூன்று பையன்களின் அப்பா அம்மா இருப்பார்கள். அவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, மைக்கில், உங்கள் பெயரைச் சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். பத்து வருஷம் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கவிதா எங்கே போனாள்?